விருந்துக்கு விலை உண்டா?

விலை கொடுத்துப் பெறும் ஒன்றை விருந்து என்று கூறலாகுமா என்பது புதிய வினாவன்று. உணவுச்சாலையில் உண்டவன் கணக்கைத் தீர்த்துவிட்டு எழுந்து போகிறான். மறுநாள் அவனைத் தெருவிற் கண்டால் முதலாளி முகங்கொடுத்துப் பேசவேண்டுமென்ற நியதி இல்லை. உறவினர் வீட்டில் உண்டவன் அவ்வாறு பணத்தை எடுத்து நீட்டுவானாயின் அவ்வுறவு அன்றோடு முறிந்துபோகும். இவ்விரு நிலைகளுக்கும் நடுவே, இரண்டின் குணங்களையும் கொண்டதாய், இரண்டிலும் முற்றாக அடங்காததாய், ஒரு வழக்கம் மலேசிய நாட்டில் வளர்ந்து வந்திருக்கிறது. பாடசாலை மாணவர்கள் கூட்டமாகச் சென்று, முன்பின் அறியாத மலாய்க் குடும்பங்களின் வீடுகளில் இரண்டு மூன்று இரவுகள் பிள்ளைகளைப் போலத் தங்கி வருவதே அது. அதிற் பணம் உண்டு, பாசமும் உண்டு. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று ஆராய்வது வீண் வேலையாகாது. மனிதனுக்கு மனிதன் பட்டுள்ள கடன் யாது என்ற வினாவே அங்கு வேறு உருவில் வந்து நிற்கிறது.

முதலில் விடயத்தைச் சொல்லிவிடுவோம். 1974ஆம் ஆண்டு தொடக்கம் தென்கிழக்காசிய இளைஞரையும் யப்பானிய இளைஞரையும் ஏற்றிக்கொண்டு நாடு நாடாகச் சென்ற கப்பற் பயணமொன்றில், இறங்குமிடங்களில் அவர்களைக் குடும்பங்களோடு தங்கவைப்பது ஓர் அங்கமாக இருந்தது. 1980களின் பிற்பகுதியில் யப்பானிய இளைஞர் மலாய்க் கிராமங்களிற் சென்று தங்கத் தொடங்கினர். 1995இல் மலேசிய அரசு இதனை ஒரு திட்டமாக்கி, பகாங் மாநிலத்தின் தெமெர்லோப் பகுதியில், 'டேசா மூர்னி' என்ற பெயர் பூண்ட கிராமங்களில் ஆரம்பித்து வைத்தது. ஆங்கிலச் சொல்லையே எடுத்து 'ஹோம்ஸ்டே' என அங்கு வழங்குகின்றனர். அரசு பதிவு செய்யும் வீடுகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டார் அதே வீட்டில் வாழ்தல் வேண்டும். சாவியைக் கையில் தந்துவிட்டு அகன்றுவிடும் வாடகை முறைக்கு இத்திட்டத்தில் இடமில்லை. யப்பானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மட்டுமன்றி, மலேசிய நகரங்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர். சிங்கப்பூரிலிருந்து வருவோருள் தமிழ்ப் பிள்ளைகளும் உளர்.

மலாயாத் தமிழர் 'கம்பம்' என்று அழைக்கும் அக்கிராமத்தில், வந்திறங்கும் பிள்ளைகளுக்கு வைக்கப்படும் பெயர் 'அனாக் அங்காட்' என்பது. வளர்ப்புப் பிள்ளை என்று அதற்குப் பொருள். 'அங்காட்' என்ற சொல்லுக்குத் தூக்குதல் என்றே நேர்ப்பொருள். தூக்கியெடுத்த பிள்ளை என்று நாம் கொள்ளலாம். வீட்டுத் தாய் அவர்களுக்கு 'மாக்' ஆகிறாள். பேருந்து நின்றவுடன் மண்டபத்திற் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன; இன்ன பிள்ளைகள் இன்ன வீட்டுக்கு என்று பங்கிடப்படுகின்றனர். அரைமணி நேரத்துள் தாயும் பிள்ளையும் ஆகிவிடுகின்றனர். இதனைக் கேட்டு நகைப்பது எளிது. ஆயினும் நகைப்பதற்கு முன் அவ்வீட்டினுள் ஒரு முறை சென்று பார்த்தல் நன்று.

பழைய மலாய் வீடு தூண்களின் மேல் நிற்பது. படியருகே தண்ணீர்ச் சாடி இருக்கும். பாதரட்சையைக் கழற்றிக் காலைக் கழுவிய பின்னரே ஏற வேண்டும். முன்னே 'செராம்பி' என்னும் திண்ணை. விருந்தினரை வரவேற்கும் இடம் அது. அதற்கு அப்பால் வீட்டின் நடுப்பகுதி. அதன் பெயர் 'ரூமா இபு', அதாவது தாய்வீடு. பின்னே சமையற்கட்டு. வெறும் விருந்தினன் செராம்பியோடு நின்றுவிடுவான். வளர்ப்புப் பிள்ளையோ தாய்வீட்டினுள் உறங்குகிறான். சமையற்கட்டில் தரையிலமர்ந்து உண்கிறான். தெமெர்லோவிலாயின், அவ்வூருக்குப் பேர்தந்த பாத்தின் என்ற ஆற்றுமீன், புளிக்கவைத்த துரியான் சுளையோடு சேர்த்துச் சமைக்கப்பட்டு அவன் முன் வைக்கப்படும். முதல் நாள் அந்த வாடையை அவன் தாங்கிக்கொள்கிறானா என்பது வேறு கதை. வலக்கையால் உண்ணல், பெரியோர் கையைத் தொட்டு வணங்கல், ஒருவரைச் சுட்டுவிரலாற் சுட்டாது பெருவிரலாற் காட்டல் என்பனவெல்லாம் அவனுக்குக் கற்பிக்கப்படுகின்றன.

தமிழ்ப் பிள்ளைக்கு இவற்றுட் பாதி தன் பாட்டி வீட்டில் பழகியவையே. குழிப்பலகையிற் சோழி போட்டாடும் 'சொங்காக்' அவனுடைய பல்லாங்குழியின் உடன்பிறப்பு. 'கெடாய்' என்றாற் கடை. 'காப்பால்' என்றாற் கப்பல். ஈழத்து வாசகர்களுக்கும் இங்கு ஒன்று சொல்லக் கிடக்கிறது. நாம் நாளாந்தம் சோற்றோடு சேர்த்துண்ணும் சம்பலும், பெருநாளிற் கிண்டும் தொதலும் பெயரளவில் அக்கடலைத் தாண்டி வந்தவையே. ஒருவர் வீட்டில் மற்றவர் நெடுங்காலத்துக்கு முன்னரே உண்டிருக்கிறோம் என்பதற்கு நாவிலுள்ள சொற்களே சாட்சி.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். மாணவன் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு அக்குடும்பத்துக்குச் சேர்கிறது. இதை அறிந்தவுடன், 'அப்படியானால் அந்தப் பாசமெல்லாம் நடிப்புத்தானே' என்று கூறுவோர் உளர். பணம் புகுந்த இடத்தில் விருந்தோம்பல் வெளியேறிவிடும் என்பது அவர்கள் கட்சி. இவ்வாறு வாதிப்போர் பெரும்பாலும் சமைப்பவர்களாக இருப்பதில்லை. நான்கு பிள்ளைகளுக்குக் காலையுணவு ஆயத்தமாக வேண்டுமாயின், வைகறைத் தொழுகைக்கு முன்பே அப்பெண் எழுந்து தேங்காய் திருவிப் பால் பிழிய வேண்டும். அவர்கள் போர்த்திய துணியைத் துவைக்க வேண்டும். குளியலறையைக் கழுவ வேண்டும். ஊர்க்குழுவின் தலைவர் வரவேற்புரை ஆற்றுவார். ஆசிரியர் நன்றியுரை கூறுவார். வேலை முழுவதும் அவள் தலையில். இந்த உழைப்புக்குக் கூலி கொடுப்பது விருந்தைக் கெடுக்குமென்றால், விருந்து என்பது ஒரு பெண்ணின் ஊதியமற்ற உழைப்பன்றி வேறென்ன? நம் இலக்கியங்கள் போற்றும் விருந்தோம்பலிலும் அடுப்படியில் நின்றவள் பெயர் அரிதாகவே அடிபடுகிறது. ஆகவே பணத்தைக் குறித்து யாரும் வெட்கப்படத் தேவையில்லை. அது முழுமையாகவும் நேரத்துக்கும் அவள் கையிற் போய்ச் சேர்கிறதா என்றே கேட்க வேண்டும்.

ஆயினும் அந்தப் பணத்தால் எது தீர்கிறது, எது தீரவில்லை என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். அரிசிக்கும் மீனுக்கும் கூலிக்கும் அது ஈடாகும். மாணவன் உறங்கும் அறையை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் அவ்வீட்டுப் பிள்ளையின் அறை. 1970களிலிருந்து மலாய்க் கிராமத்து இளைஞரும் யுவதிகளும் பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கும், கிள்ளான் பள்ளத்தாக்கின் அலுவலகங்களுக்கும், பல்கலைக்கழகங்களுக்கும் பெருந்தொகையாகப் போய்விட்டனர். கிராமத்தில் முதியோரும் காலி அறைகளும் எஞ்சின. அந்தக் காலி அறைகளிலேயே இத்திட்டம் குடிகொண்டது. சுவரிற் பட்டமளிப்புப் புகைப்படம் தொங்குகிறது. அலுமாரியிற் பழைய பாடசாலைச் சீருடை இருக்கிறது. மகள் இல்லாத கட்டிலில் வேற்று நாட்டுப் பிள்ளை படுத்திருக்க, போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போகும் தாயின் செயலிற் கூலிக்கு உட்பட்டது எவ்வளவு, உட்படாதது எவ்வளவு என்று அளந்து சொல்ல எந்தக் கணக்காளனாலும் இயலாது.

மலாய் மொழி இதற்கென ஒரு சொல்லை வைத்திருக்கிறது: 'ஊத்தாங் பூடி'. ஊத்தாங் என்றாற் கடன். பூடி என்பது வடமொழிப் புத்தி என்ற சொல்லினின்று பிறந்து, நல்லறிவு, நற்குணம், ஒருவர் மற்றவருக்குச் செய்யும் நன்மை என்றெல்லாம் பொருள் விரிந்த சொல். நன்மையாற் பட்ட கடனே ஊத்தாங் பூடி. அது காசாலே தீர்க்க முடியாத கடன் என்பது அம்மக்களின் துணிபு. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான தம் ஆய்வில், கொடை என்பது எச்சமுதாயத்திலும் வெறுங்கொடையாக நின்றுவிடுவதில்லை என்று காட்டினார். கொடுக்க வேண்டிய கடமை, ஏற்க வேண்டிய கடமை, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை என மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. திருப்பிக் கொடுக்க வழியில்லாதவன் கொடுத்தவனிலும் தாழ்ந்தவனாகிறான். இங்கே வேடிக்கை என்னவெனில், திருப்பிக் கொடாமலே போகிறவன் பெரும்பாலும் செல்வன்; அவன் தாழ்வதாக யாரும் கருதுவதில்லை. அவன் தந்த கட்டணம் அவனை மறைத்துக் காக்கிறது.

ஜெர்மானியத் தத்துவஞானி கான்ற், நிரந்தர சமாதானம் பற்றி 1795இல் எழுதியபோது இவ்விடயத்தைத் தொட்டுள்ளார். வேற்று நாடு செல்பவனுக்கு, பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை உண்டு. விருந்தினனாக ஏற்றுக்கொள்ளுமாறு கோரும் உரிமையோ அவனுக்கு இல்லை. அதற்கு வீட்டாரின் தனிப்பட்ட உடன்பாடு வேண்டும். ஐரோப்பிய வணிக நாடுகள் வருகை தருவதையும் வென்றடக்குவதையும் ஒன்றாகவே எண்ணின என்று அவர் அவ்விடத்திற் கடிந்துரைத்தார். மலாய் மக்கள் இதைக் கான்ற்றிடம் கற்க வேண்டியிருக்கவில்லை. 1509இல் போர்த்துக்கேயக் கப்பல்கள் மலாக்காத் துறையில் வந்து நின்றன; 1511இல் மலாக்கா போர்த்துக்கேயர் வசமாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1505இல், அவர்கள் நம் கரையில் வந்திறங்கிய வரலாறு எவரும் அறிந்ததே. வருபவர் யார் என்பதை வாசலிலே நின்று நோக்க இரு கரையாருக்கும் நியாயமான காரணம் இருந்தது. அப்படியிருந்தும் சாடித் தண்ணீரும் திண்ணையும் அங்கு அகற்றப்படவில்லை.

வந்தவன் நாட்டை மட்டும் கொள்ளவில்லை. வீட்டுக்காரனைப் பற்றி ஒரு கருத்தையும் எழுதிவைத்தான். மலாயாவில் உயர்பதவி வகித்த சுவெற்றன்ஹாம் போன்ற பிரித்தானிய அதிகாரிகள், மலாய்க்காரன் இனிய பண்பினன், உபசாரப் பிரியன், ஆனால் உழைக்க விரும்பாதவன் என நூல்களிற் பதித்தனர். தோட்டத்திலும் சுரங்கத்திலும் அன்னியனுக்காகக் கூலிவேலை செய்ய மறுத்துத் தன் வயலையும் தோப்பையும் பயிரிட்டவன் சோம்பேறியாகக் காட்டப்பட்டான். இக்கருத்து எவ்வாறு உருவாக்கப்பட்டது, யாருக்குப் பயன்பட்டது என்பதைச் சையத் உசைன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் விரிவாக அம்பலப்படுத்தினார். அவ்வளவுடன் அது மடிந்துவிட்டதாக நாம் எண்ணியிருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் பேரப்பிள்ளை, சுற்றுலா முடிந்து மாணவர் எழுதும் கட்டுரைகளில் உயிரோடு உலவுகிறது. 'அவர்களிடம் பொருள் குறைவு. மகிழ்ச்சி நிறைவு' என்று எழுதாத மாணவன் அரிது. ஆசிரியரும் அதற்கே அதிக புள்ளி வழங்குகிறார். புகழ்ச்சியாகத் தோன்றும் இவ்வாக்கியத்தின் உட்கிடை யாது? அவர்களுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை என்பதே. றப்பருக்கு நல்ல விலை, அருகில் ஒரு மருத்துவமனை, பல்கலைக்கழகம் முடித்த மகனுக்கு ஒரு வேலை என்றெல்லாம் அந்தத் தாய்க்கு ஆசைகள் இருக்கலாம் என்பதை அது அழித்துவிடுகிறது. அன்று சோம்பேறி என்றவனும் இன்று திருப்தியுள்ளவன் என்பவனும் அவளிடம் எதையும் கேட்டறியவில்லை.

கேட்டறிவதற்கு வாய்ப்பு இல்லாமலில்லை. நிகழ்ச்சிநிரலில் 'றப்பர்ப் பால் வெட்டுதல்' என்றொரு பகுதி தவறாது இடம்பெறும். காலையுணவை முடித்து, வெயில் ஏறிய பின்னர், பிள்ளைகள் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். பால்வெட்டும் கத்தியை வாங்கி ஆளுக்கொரு கீறு கீறிப் படம் பிடித்துக்கொள்கின்றனர். உண்மையிற் பால் வெட்டுபவன் விடியுமுன்னரே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறான். வெயில் ஏறினாற் பால் நன்றாக ஓடாது. மழை பெய்தால் அன்றைய ஊதியமே இல்லை. பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி சற்று ஆழப் பாய்ந்தால் மரம் புண்பட்டு, மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகும். ஆகையாற் கற்றுக்குட்டிகளின் கையில் வீட்டுக்காரர் தம் நல்ல மரத்தைக் கொடுப்பாரென எதிர்பார்க்க முடியாது. மலேசியாவின் றப்பரில் மிகப் பெரும்பங்கை இன்று இத்தகைய சிறுதோட்டக்காரரே உற்பத்தி செய்கின்றனர். உலகச் சந்தையில் விலை சரிந்தால் அச்சரிவு அவர்கள் சமையற்கட்டுக்கு வந்து சேர அதிக காலம் பிடிப்பதில்லை. களுத்துறையிலும் கேகாலையிலும் பால் வெட்டும் நம்மவர்க்கு இவையெல்லாம் விளக்கமின்றியே விளங்கும். மாணவனுக்கு விளங்க வேண்டுமாயின் அவனை ஒரு நாளேனும் விடியுமுன் எழுப்பிக் கூட்டிச்செல்ல வேண்டும். அன்றைய பால் என்ன விலைக்குப் போயிற்று என்று மாலையில் அவன் கேட்க வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி போலித் திருமணம். மாணவருள் ஒருவனும் ஒருத்தியும் பட்டாடை உடுத்து மணவறையில் அமர்த்தப்படுகின்றனர். கொம்பாங் முழங்க ஊரவர் வாழ்த்துகின்றனர். இதனைப் பண்பாட்டு வியாபாரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட யாம் ஆயத்தமாயில்லை. ஊர்ப்பெண்கள் கூடிச் சமைத்துச் சிரித்து மகிழ்கின்றனர்; விளையாட்டு விளையாட்டென்று இரு பகுதியாரும் அறிந்தே ஆடுகின்றனர். தம் சடங்கைத் தாமே வேடிக்கையாக்கிப் பார்க்கும் அளவுக்கு அதன்மீது அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அவ்வூரில் உண்மையான திருமணமொன்று நடக்கும்போது ஊர் முழுவதும் கூடி உழைக்கும் முறைமை எவ்வாறிருக்கும், யார் யார் எவ்வேலையை ஏற்பர் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லாமல் விடுவதே குறை.

யப்பானிய மாணவர் விடயம் இதனினும் பாரதூரமானது. 1941 டிசம்பர் 8ஆம் திகதி யப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரையாண்டுக் காலம் அரிசிக்குப் பஞ்சம். மரவள்ளிக் கிழங்கே உணவு. சீனர் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டனர். தோட்டத்துத் தமிழர் சயாம்–பர்மா றெயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். மலாய் மக்களும் அப்பஞ்சத்தினின்றும் கட்டாய உழைப்பினின்றும் தப்பவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அந்தப் படையினரின் பேரர் வயதொத்த பிள்ளைகள் வந்து வாசலில் நின்றபோது, மரவள்ளி உண்டு வளர்ந்த மூதாட்டி அவர்களுக்குச் சோறு போட்டாள். இதனை மன்னிப்பு என்று கூறலாமா? மன்னிப்பு என்பது குற்றம் இன்னதென்று இருவரும் அறிந்திருக்கும் இடத்தில் நிகழ்வது. பிள்ளைக்கு அவ்வரலாறு தெரியாதிருக்குமாயின் அவள் மட்டுமே தனியே ஒரு சுமையைச் சுமந்துகொண்டு பரிமாறுகிறாள். பேரனைப் பாட்டனின் குற்றத்துக்குப் பொறுப்பாளியாக்குவது தகாது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அறிந்துகொண்டு வருதல் அவன் கடமை. அவள் பேசாதிருக்க விரும்பினாற் பேசாதிருக்கலாம். அந்த மௌனத்தைத் தெரிவு செய்யும் உரிமை அவளுடையதாக இருக்க வேண்டும். அவனுடைய அறியாமை அதனை அவள்மீது சுமத்துதல் நியாயமன்று.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் நிலை வேறு. கடற்பாலத்தைத் தாண்டினாற் போதும். 1924இல் திறக்கப்பட்ட பாலம் அது. அவர்களுள் ஒரு தமிழ்ச் சிறுவனின் பாட்டியை நினைத்துப் பாருங்கள். மலாய்க்காரரும் சீனரும் அயலில் வாழ்ந்த கம்பத்தில் அவள் இளமைக் காலம் கழிந்திருக்கும். சந்தை மலாயில் அவள் எல்லோருடனும் பேசியிருப்பாள். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. அடுத்த முப்பதாண்டுகளில் அக்கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளிற் குடியேற்றப்பட்டனர். குழாய்நீரும் மின்விளக்கும் நோயற்ற வாழ்வும் கிடைத்தன. அவற்றை இகழ்ந்து பேசுவது, அவை கிடைத்திராதவரைப் பரிகசிப்பதாகும். 1989 முதல் எந்த மாடியில் எந்த இனத்தார் எத்தனை வீதம் வாழலாம் என்றும் விதிக்கப்பட்டது. இன்று அதே மாடியில் மலாய்க் குடும்பம் வாழ்கிறது. சிறுவனுக்கு அவர்கள் வீட்டின் கதவு தெரியும், உள்ளே தெரியாது. மலாய் சிங்கப்பூரின் தேசிய மொழி. தேசிய கீதத்தையும் அம்மொழியிலேயே பாடுகிறான். ஆனால் 'மாக்' சொல்வதை விளங்கிக்கொள்ள அவனுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். பாட்டிக்கு விலையின்றிக் கிடைத்த ஒன்றைப் பேரன் கட்டணம் செலுத்திக் கடல் கடந்து தேடுகிறான். தேடுவது தவறில்லை. ஊர் திரும்பியபின் எதிர்க் கதவைத் தட்டுகிறானா என்று மட்டும் யாரேனும் பார்க்கலாம்.

பலவினச் சமுதாயத்தைப் பற்றி ஆராய்ந்த பர்னிவல், 1948இல் வெளியான நூலில், குடியேற்ற ஆட்சியின் கீழ் இனங்கள் சந்தையில் மட்டுமே சந்தித்துக்கொள்வதை எடுத்துக்காட்டினார். பர்மாவையும் சாவகத்தையும் கண்டு அவர் எழுதியது மலாயாவுக்கும் பொருந்தும். மலாய்க்காரர் வயலில், சீனர் சுரங்கத்திலும் கடையிலும், தமிழ்த் தொழிலாளர் தோட்டத்து வரிசை வீடுகளில் என ஏகாதிபத்தியம் ஆளுக்கொரு வேலையும் ஆளுக்கோர் இடமும் வகுத்து வைத்தது. அந்த அமைப்பில் யாழ்ப்பாணத்தாருக்கும் ஓர் இடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எத்தனையோ பேர் மலாயா சென்று, றெயில்வேயிலும் கந்தோர்களிலும் இலிகிதராயும் நிலைய அதிபராயும் முப்பதாண்டு நாற்பதாண்டு சேவை செய்தனர். பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினர். மலாயன் பென்சனியர் இல்லாத ஊர் குடாநாட்டில் அரிதாயிருந்தது. அவர்களுள் எத்தனை பேர் மலாய் வீடொன்றின் சமையற்கட்டில் அமர்ந்து உண்டிருப்பர்? உண்டவர் இல்லாமலில்லை, ஆனால் ஊரிற் சொல்லப்பட்ட மலாயாக் கதைகளில் துரைமார் வந்தனர், இரும்புப் பாதை வந்தது, புலிகூட வந்தது, பக்கத்து வீட்டு மலாய்க்காரன் வந்தது குறைவு. நாற்பதாண்டு அயலில் இருந்தும் அறியாத ஒன்றை மூன்று இரவில் ஒரு மாணவன் அறிகிறான் என்றால், அந்தத் திட்டத்தை நாம் எள்ளி நகையாட முடியாது.

நம் பக்கத்தில் வேறொரு கணக்கும் தீர்க்கப்படாமல் இருக்கிறது. முற்றத்தோடு நிறுத்திச் சிரட்டையிலே தண்ணீர் வார்த்த கைகள் நம்முடையவை. தேநீர்க்கடைகளிற் சமமாக அமர்வதற்கே போராட்டம் வேண்டியிருந்த மண் இது. பிற மதத்தைச் சேர்ந்த ஒரு மலாய்த் தாய், சாதியும் கேளாது கோத்திரமும் கேளாது நம் இனத்துப் பிள்ளையைத் தாய்வீட்டினுள் உறங்கவைக்கிறாள் என்ற செய்தியைப் படித்து உருகுவோர், தம் ஊரில் எந்தப் பிள்ளை எந்த வீட்டின் எந்தப் படியோடு நின்றது என்பதையும் சேர்த்து எண்ணிப்பார்க்கலாம்.

மீண்டும் கடனுக்கு வருவோம். பணத்தால் தீராத பங்கை மாணவன் எதனால் தீர்ப்பது? வழக்கமாகப் புறப்படும் நாளிற் கண்ணீர் பெருகுகிறது. சாவிக்கொத்தோ பாடசாலைச் சின்னமோ பரிசாகக் கைமாறுகிறது. கண்ணீர் பொய்யன்று. ஆயினும் அது பேருந்து திரும்பும் முனைவரையிலுமே நிற்கிறது. விருந்தின் சமத்துவத்தை அறிய வேண்டுமாயின், விருந்தளித்தவர் விருந்தினராக வர முடியுமா என்று கேட்க வேண்டும். இந்தப் பயணம் பெரும்பாலும் ஒருவழிப் பயணமாகவே இருந்து வருகிறது. வருடா வருடம் பிள்ளைகள் போகிறார்கள். மாக் வருவதில்லை, மாக்கின் பேரப்பிள்ளைகளும் வருவதில்லை. பார்ப்பவன் என்றும் பார்ப்பவனாகவும், பார்க்கப்படுபவள் என்றும் பார்க்கப்படுபவளாகவும் இருக்கும்வரை, வளர்ப்புப் பிள்ளை என்ற பெயர் பாதிதான் மெய்யாகும்.

மலேசியாவிலேயே இதற்கு மாற்றானதொரு வழக்கம் இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வீட்டுக்கும், தீபாவளிக்குத் தமிழர் வீட்டுக்கும், சீனப் புத்தாண்டுக்குச் சீனர் வீட்டுக்கும் மற்றவர் போய் உண்டு வரும் 'திறந்த வீடு' என்பது அது. அங்கே கட்டணம் இல்லை. முறை மாறி மாறி வருகிறது. அரைமணி நேர வருகைதான். புத்தாடையோடும் புன்னகையோடும் முடிந்துவிடுகிறது. படுக்கையறையும் துவைகல்லும் அதிற் தெரிவதில்லை. அதன் சமத்துவமும் இல்லத்தங்கலின் ஆழமும் ஒன்றுசேர வேண்டும் என்று விரும்புவது பேராசையாகத் தோன்றவில்லை.

தடைகள் சொல்லப்படும். முஸ்லிம் பிள்ளை வேற்றார் வீட்டில் எவ்வாறு உண்ணும் என்பது முதலாவது. உணவு விதி ஒரு வேலி என்பது மெய். ஆனால் அதன் நோக்கம் பகைமையன்று, கவனத்தோடு நடந்தால் அதனைத் திறந்து உள்ளே வரலாம். பணச்செலவு இரண்டாவது தடை. நாற்பது பிள்ளைகளை அனுப்பப் பணம் திரட்டும் ஒரு பாடசாலை, அதிற் சிறு பங்கை ஒதுக்கி வைத்தால், அடுத்த விடுமுறையில் நான்கு கம்பத்துப் பிள்ளைகள் சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடொன்றில் மூன்று நாள் தங்க முடியும். அப்பொழுது அவ்வீட்டுத் தமிழ்த் தாய் புதிதாகச் சில பாத்திரங்கள் வாங்க வேண்டியிருக்கும். ஹலால் இறைச்சி விற்கும் கடை எதுவென்று எதிர்வீட்டு மலாய்ப் பெண்ணைக் கேட்க வேண்டியிருக்கும். பேச்சோடு பேச்சாகக் கிப்லாத் திசை எப்பக்கம் என்றும் கேட்க வேண்டியிருக்கும். மகன் தன் அறையைக் காலிசெய்து கொடுத்துவிட்டுக் கூடத்திற் பாய் விரித்துப் படுக்க வேண்டும். வந்த பிள்ளைகள், 'உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார், ஏன் இவ்வளவு நேரங்கழித்து வீடு வருகிறார், பாட்டி ஏன் தனியே வேறு வீட்டில் இருக்கிறார்' என்று கேட்பார்கள். அவன் பதில் சொல்ல வேண்டும். அதிகாலையில், வைகறைத் தொழுகைக்காக அவர்கள் எழும் ஓசை கேட்டு, அவனும் எழுந்து குளியலறை விளக்கைப் போட்டுக் கொடுக்க வேண்டும்.